பனம்பாணி ஏன் கறுத்துப்போகிறது?

மருதனார்மடம் சந்தையில் பனங்கட்டி விற்கும் கடை ஒன்றின் முன்னால் சற்று நின்று பாருங்கள். ஒரே மாதிரியான ஓலைக் குட்டான்கள்தான். ஆனால் உள்ளே இருக்கும் பனங்கட்டி ஒன்றில் தேன் நிறம், இன்னொன்றில் கபில நிறம், வேறொன்றில் ஏறத்தாழக் கறுப்பு. பக்கத்தில் போத்தல்களில் இருக்கும் பனம்பாணியும் அப்படியே. வாங்க வருபவர்களில் ஒருவர் "கறுத்ததுதான் அசல்" என்று எடுக்கிறார். அடுத்தவர் "இது கருகினது" என்று அதையே தள்ளிவைக்கிறார். இருவரும் நிறத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கிறார்கள். அந்த முடிவில்தான் அதைக் காய்ச்சியவரின் ஒரு நாள் கூலி தங்கியிருக்கிறது.

வலிகாமத்தில் வீட்டு அடுப்பில் பாணி காய்ச்சி விற்பவர்களில் பெண்களே அதிகம். போரில் கணவரை இழந்தவர்கள், காணாமல் ஆக்கப்பட்டவருக்காக இன்னும் காத்திருப்பவர்கள், காயப்பட்ட கணவரால் வேலைக்குப் போக முடியாதவர்கள் அவர்களுள் இருக்கிறார்கள். எங்கள் ஒழுங்கையிலும் அப்படி ஒருவர் உண்டு. 2009இற்குப் பின்னர் முகாமிலிருந்து இரண்டு பிள்ளைகளோடு திரும்பியவர். போன பருவத்தில் அவர் கொடுத்த பாணியில் பாதிக்கு மேற்பட்ட போத்தல்களை ஒரு வியாபாரி திருப்பி அனுப்பிவிட்டார். காரணம் நிறம்.

நான் பாடசாலையில் இரசாயனவியல் படிப்பித்தவன் என்பதால் என்னிடம் வந்தார். "மாஸ்ரர், நான் அடிப்பிடிக்க விடேல்லை. அடுப்படியிலயேதான் நிண்டனான். பிறகேன் இப்பிடிக் கறுத்தது?" என்று கேட்டார். போத்தலைத் திறந்து ஒரு கரண்டி எடுத்துச் சுவைத்தேன். கருகல் மணம் இல்லை. கைப்பும் இல்லை. ஆனால் நிறம் கோப்பியைப் போல இருந்தது. அவர் சொன்னது உண்மை. அந்தப் பாணி கருகியிருக்கவில்லை.

கருகாமல் எப்படிக் கறுக்கும்? சுருக்கமான பதில் இதுதான்: பாணியின் நிறத்தில் பெரும்பங்கு, அடுப்பு மூட்டுவதற்கு முன்னரே முட்டிக்குள் தீர்மானமாகிவிடுகிறது. அடுப்பு அதை வெளியே காட்டுகிறது.

மரத்திலிருந்து இறங்குவது என்ன?

பனம்பாணி என்று இங்கு நான் சொல்வது கருப்பநீரைக் காய்ச்சி எடுக்கும் பாணியை. தமிழ்நாட்டில் கருப்பநீரைப் பதநீர் என்பார்கள். பாளையைச் சீவி, வடியும் சாற்றை உட்புறம் சுண்ணாம்பு பூசிய முட்டியில் சேர்த்தால் அது கருப்பநீர். சுண்ணாம்பு இல்லாமல் சேர்த்தால் கள்.

நல்ல கருப்பநீரில் நூற்றுக்கு 10 முதல் 14 பங்கு வரை சீனி இருக்கும். அதில் மிகப் பெரும்பகுதி சுக்குரோசு. கடையில் வாங்கும் வெள்ளைச் சீனியும் அதுதான். மீதி நீர், சிறிதளவு கனியுப்புகள், சிறிதளவு புரதமும் அமினோ அமிலங்களும். ஏழெட்டு லீற்றர் கருப்பநீரைக் காய்ச்சினால் ஒரு லீற்றர் பாணி வரும்.

சுக்குரோசு இலகுவில் நிறம் மாறாத சீனி. தனியே எடுத்துச் சூடாக்கினால் 160 பாகை செல்சியஸ் அளவில்தான் அது கருகத் தொடங்கும். பாணி காய்ச்சும்போது வெப்பம் அவ்வளவு உயரத்துக்குப் போவதே இல்லை. பாணிப் பதம் வரும்போது வெப்பம் நீரின் கொதிநிலையை விட நாலைந்து பாகைதான் கூடுதலாக இருக்கும். பனங்கட்டிக்கு மேலும் இறுக்கினாலும் 120 பாகையைச் சுற்றித்தான் நிற்கும். ஆகவே சுக்குரோசு சுக்குரோசாகவே இருந்திருந்தால் பாணி இவ்வளவு கறுக்க நியாயமில்லை.

அது அப்படியே இருப்பதில்லை என்பதுதான் சங்கதி. பாளையின் வெட்டுவாயிலும், முட்டியிலும், காற்றிலும் மதுவங்களும் பற்றீரியாக்களும் இருக்கின்றன. இனிப்பான சாறு அவற்றுக்கு விருந்து. மதுவம் முதலில் ஒரு நொதியத்தைச் சுரந்து, சுக்குரோசை குளுக்கோசு, பிரக்டோசு என இரண்டாக உடைக்கிறது. பிறகுதான் அதை மதுசாரமாக்குகிறது. சாறு புளித்துக் கள்ளாகும் வழியில் இது முதற்படி. முதற்படியில் புளிப்பும் தெரியாது, நுரையும் தெரியாது, வாயில் வைத்தால் இனிப்பாகவே இருக்கும். ஆனால் சீனியின் ஒரு பகுதி உடைந்துவிட்டது.

உடைந்த சீனிகள் நிறம் மாற அவசரப்படுபவை. அவை சாற்றிலுள்ள அமினோ அமிலங்களோடு சூட்டில் சேர்ந்து கபில நிறப் பொருட்களை உண்டாக்குகின்றன. 1912ஆம் ஆண்டு லூயி கமீய் மயார் என்ற பிரெஞ்சு இரசாயனவியலாளர் இந்தத் தாக்கத்தை விவரித்தார். அவர் பெயராலேயே அது அழைக்கப்படுகிறது. பாண் மேற்தோல் சிவப்பதும், கோப்பிக் கொட்டை வறுபட்டு மணப்பதும் இதே தாக்கத்தால்தான். கருகல் அல்ல, ஆனால் கறுக்கும்.

மருதனார்மடத்தில் காலை ஆறு மணிக்கு இறக்கிய கருப்பநீர் ஏழு மணிக்கு அடுப்பேறினால் ஒரு நிறம். அதே நீர் கானில் ஊற்றப்பட்டு, சைக்கிளில் கட்டப்பட்டு, பங்குனி வெயிலில் நாலு இடம் சுற்றி, பகல் பதினொரு மணிக்கு அடுப்பேறினால் வேறு நிறம். காய்ச்சியவர் ஒருவர்தான், விறகும் ஒன்றுதான். ஆனால் இடையில் போன நாலு மணித்தியாலத்தில் சீனி உடைந்திருக்கிறது.

சுண்ணாம்பின் கணக்கு

இதைத் தடுக்கத்தான் சுண்ணாம்பு. அது சாற்றைக் காரமாக்குகிறது. மதுவங்களும் பற்றீரியாக்களும் அந்தக் காரத்தில் பெருக முடிவதில்லை. சுண்ணாம்புக் கல்லின் மேலேயே இருக்கும் குடாநாட்டில் அது எளிதில் கிடைத்த பாதுகாப்பு.

ஆனால் சுண்ணாம்புக்கும் ஒரு விலை உண்டு. மயார் சொன்ன தாக்கம் காரத்தில் இன்னும் வேகமாக நடக்கும். அதோடு, உடைந்த சீனிகள் காரச் சூட்டில் அமினோ அமிலத்தின் உதவி இல்லாமலே சிதைந்து கபில நிறமாகும். அதாவது சுண்ணாம்பு குறைந்தால் சீனி உடையும். கூடினால் உடைந்த கொஞ்சச் சீனியும் கடுமையாகக் கறுக்கும். இரண்டு பக்கமும் கறுப்புத்தான், நடுவில் ஒரு சிறிய இடைவெளி இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் இன்னும் மரமேறும் முதியவர் ஒருவரிடம் எவ்வளவு சுண்ணாம்பு பூசுவீர்கள் என்று கேட்டேன். அளவு சொல்லவில்லை. "குறைஞ்சால் புளிக்கும், கூடினால் கைக்கும். வெயிலைப் பாத்து, மரத்தைப் பாத்துப் பூசவேணும் தம்பி" என்றார். வெப்பமான நாளில் கொஞ்சம் கூட. மழைக்குணமான நாளில் கொஞ்சம் குறைய. முட்டி புதிதென்றால் ஒரு மாதிரி, பழையதென்றால் வேறு மாதிரி. ஆய்வுகூடத்தில் பி.எச். மானி காட்டும் எண்ணை அவர் கையால் அறிந்து வைத்திருக்கிறார்.

சுண்ணாம்பை முட்டியில் இட்டது போல, காய்ச்ச முன்னர் அதை எடுக்கவும் வேண்டும். கருப்பநீரை மிதமாகச் சூடாக்கி இறக்கி, அசையாமல் ஆறவிட்டால், சுண்ணாம்பில் பெரும்பகுதி அடியில் படியும். மேலே தெளிந்ததை மெதுவாக இறுத்து, துணியில் வடித்துக் காய்ச்ச வேண்டும். தமிழ்நாட்டில் பனங்கற்கண்டு ஆலைகளில் சுண்ணாம்பை நீக்க சூப்பர் பொஸ்பேற்று சேர்ப்பதுண்டு. அது அளவறிந்து, சோதித்து, வடிகட்டிச் செய்யும் ஆலை முறை. வயலுக்கு வாங்கும் உரத்தை வீட்டுப் பாணியில் ஒருபோதும் போடக்கூடாது.

அடுப்பில் நடப்பது

அடுப்புக்கும் பங்கில்லை என்று சொல்ல வரவில்லை. அதைச் சரியாகப் பிரித்துப் பார்க்க, அந்தச் சகோதரியின் வீட்டு முற்றத்தில் மூன்று நாட்கள் காய்ச்சிப் பார்த்தோம். ஒரு நாளைக்கு ஒரு விடயத்தை மட்டும் மாற்றுவது என்பது எங்கள் ஒழுங்கு.

முதல் நாள் ஒரே மரத்தடியில் வாங்கிய கருப்பநீரை இரண்டாகப் பிரித்தோம். ஒரு பாதியை உடனே காய்ச்சினோம். மறுபாதியை நிழலில் மதியம் வரை வைத்திருந்து, அதே பாத்திரத்தில் அதே விறகில் காய்ச்சினோம். காலைப் பாணி வெறுந்தேத்தண்ணி நிறத்தில் வந்தது. மதியப் பாணி அதை விடத் தெளிவாகக் கறுத்திருந்தது.

இரண்டாம் நாள் சுண்ணாம்பு. ஒரு பாதியைத் தெளியவைத்து இறுத்துக் காய்ச்சினோம். மறுபாதியைக் கலங்கலோடு அப்படியே காய்ச்சினோம். கலங்கல் பாணி கறுத்ததோடு நாக்கின் நுனியில் வெற்றிலைச் சுண்ணாம்பு பட்டது போன்ற ஒரு சுள்ளாப்பும் இருந்தது.

மூன்றாம் நாள் பாத்திரமும் முறையும். அவரிடம் இருந்தது ஒரே ஒரு ஆழமான பானை. கருப்பநீர் வரவர அதற்குள்ளேயே ஊற்றிக்கொண்டு இருப்பார். வெளியில் பார்த்தால் இது சிக்கனமான முறை. ஆனால் காலை ஏழு மணிக்கு ஊற்றிய முதல் முட்டியின் சீனி பிற்பகல் வரை கொதித்துக்கொண்டே இருக்கிறது. பாதி இறுகிய பாணியில் புது நீரை ஊற்ற, அது மறுபடி இளகுகிறது. மறுபடி வற்ற மணித்தியாலங்கள் போகின்றன. கொதிக்கும் நேரம் கூடக்கூட நிறமும் கூடும். அன்று அகலமான தாச்சி ஒன்றை இரவல் வாங்கி, ஊற்றியதை மட்டும் வற்றவைத்து இறக்கிப் பிறகு அடுத்ததை ஊற்றினோம். நீர் வேகமாக ஆவியானது. நிறம் குறைந்தது.

பாத்திரத்தின் உலோகமும் கவனிக்க வேண்டியது. சுண்ணாம்பின் காரம் அலுமினியத்தை அரிக்கும். பானையின் உட்புறம் கறுப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். இரும்புத் தாச்சியில் துரு இருந்தால் அதுவும் சாற்றோடு சேர்ந்து நிறத்தைக் கூட்டும். முடிந்தவர்களுக்குத் துருப்பிடிக்காத உருக்குப் பாத்திரம் நல்லது.

நெருப்பை எப்போது எரிக்க வேண்டும் என்பதிலும் பலரிடம் தலைகீழான எண்ணம் இருக்கிறது. நிறம் குறைய வேண்டும் என்று தொடக்கம் முதலே தணலில் வைக்கிறார்கள். அது நேரத்தை நீட்டி நிறத்தைக் கூட்டும். தொடக்கத்தில் நீர் நிறைய இருக்கும்போது காவோலையும் மட்டையும் போட்டு நன்றாக எரிக்கலாம். அடிப்பிடிக்காது. நுரை பெருத்து, குமிழி சிறுத்து, பாணி அகப்பையில் ஒட்டத் தொடங்கும்போதுதான் நெருப்பை இழுக்க வேண்டும். கருகல் நடப்பது அந்தக் கடைசி நேரத்தில்தான்.

மூன்று விதமான கறுப்பு

ஆகவே "கறுத்த பாணி" என்று ஒன்று இல்லை. குறைந்தது மூன்று இருக்கின்றன. வாங்குபவரும் விற்பவரும் இவற்றைப் பிரித்தறியப் பழகினால் பாதிச் சண்டை தீரும்.

முதலாவது, நேரம் கடந்த நீரில் காய்ச்சியது. மணம் நன்றாக இருக்கும், சிலவேளை மெல்லிய புளிப்பு இருக்கும். பாணியாகப் பயன்படுத்தத் தடையில்லை. ஆனால் இதைப் பனங்கட்டியாக்கப் போனால் இறுகாது. உடைந்த சீனி கூடினால் சுக்குரோசு பளிங்காக முடியாது. குட்டானுக்குள் ஊற்றியது பிசுபிசுத்து, ஈரம் இழுத்து, ஓலையால் கசியும். பனங்கட்டி கறுப்பதும் இளகுவதும் பெரும்பாலும் ஒன்றாகவே வருவது இதனால்தான்.

இரண்டாவது, சுண்ணாம்பு கூடியது. நாக்கில் சுள்ளென்று படும். பின்னால் ஒரு கைப்பு நிற்கும். இதை அறிய வீட்டிலேயே ஒரு வழி உண்டு. ஆலாத்தி கரைக்கும்போது மஞ்சளில் சுண்ணாம்பு பட்டதும் சிவக்கிறதல்லவா? அதே தத்துவம்தான். மஞ்சள் கரைசலில் நனைத்துக் காயவைத்த வெள்ளைத் தாளில், தெளியவைத்து இறுத்த கருப்பநீரை ஒரு துளி விடுங்கள். கடும் சிவப்பாக மாறினால் இன்னும் சுண்ணாம்பு நிறைய இருக்கிறது, மறுபடி தெளியவையுங்கள். இலேசாக மாறினால் அல்லது மஞ்சளாகவே நின்றால் அடுப்பேற்றலாம். முட்டியிலிருந்து வந்தவுடன் சோதித்தால் எப்போதும் சிவக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

மூன்றாவது, உண்மையாகவே கருகியது. மணத்திலேயே தெரிந்துவிடும். வெள்ளைக் கோப்பையில் கொஞ்சம் நீர் எடுத்து ஒரு கரண்டி பாணியைக் கரைத்தால் கறுப்புத் துகள்கள் அடியில் இறங்கும். இதைத்தான் திருப்பி அனுப்ப வேண்டும். மற்ற இரண்டையும் இதோடு ஒன்றாக்குவது அநியாயம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போத்தலில் அடைத்த பிறகும் நிறம் மாறும். அதே தாக்கம் சாதாரண வெப்பத்திலும் மெதுவாக நடந்துகொண்டிருக்கும். தகரக் கூரையின் கீழ் மூன்று மாதம் இருந்த பாணி, கொடுத்த அன்று இருந்ததை விடக் கறுப்பாக இருப்பது காய்ச்சியவரின் குற்றமல்ல.

வெளிறிய நிறம் மட்டும் நம்பிக்கைக்கு உத்தரவாதமா? அதுவும் இல்லை. வெள்ளைச் சீனியைக் கலந்து காய்ச்சினாலும் நிறம் வெளிறும். கறுத்தது கருகியது என்று ஒதுக்கும் சந்தை, தன்னை அறியாமல் கலப்படத்துக்குப் பரிசு கொடுக்கிறது. அதேபோல, கறுப்பு என்பதால் அது மருந்தும் ஆகிவிடாது. வெளிறியதோ கறுத்ததோ, பனம்பாணியில் இருப்பது பெரும்பாலும் சீனிதான். நீரிழிவு உள்ளவர்கள் "பனங்கட்டி ஒண்டும் செய்யாது" என்று கணக்கில்லாமல் சாப்பிடக்கூடாது.

போர் எங்கே வருகிறது?

பாணியின் நிறத்துக்கும் போருக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். எனக்கு நேரடித் தொடர்பு இருப்பதாகவே படுகிறது.

1990இல் பொருளாதாரத் தடை வந்த பின்னர் குடாநாட்டில் சீனி அருமைப்பொருளானது. வெறுந்தேத்தண்ணியும் உள்ளங்கையில் ஒரு துண்டு பனங்கட்டியும் என்று ஒரு தலைமுறையே வளர்ந்தது. அன்று கறுத்த பனங்கட்டியைப் பார்த்து எவரும் முகம் சுளிக்கவில்லை. கிடைத்ததே பெரிது. பனை எங்களைத் தாங்கிய அதே காலத்தில்தான் பனைகள் விழுந்தன. காவலரண்களுக்கும் பதுங்குகுழிகளுக்கும் பனங்குற்றிகள் வெட்டப்பட்டன. எறிகணையில் தலை இழந்த பனைகள் மொட்டையாக நின்றன. இதை இங்கு வாழ்ந்த எவருக்கும் நான் நிரூபிக்கத் தேவையில்லை.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் வீதியில் இறங்கியது. மருதனார்மடத்தில் நின்ற மரங்களும் கிணறுகளும் அப்படியே இருக்க, சனம் மட்டும் போனது. அடுத்த ஆண்டு பலர் திரும்பினார்கள். பலர் வன்னிக்குப் போனார்கள், பலர் கடல் கடந்தார்கள். மரமேறிய குடும்பங்களும் அப்படியே சிதறின. எந்த மரத்துக்கு எவ்வளவு சுண்ணாம்பு என்று கையால் அறிந்தவர், அதைத் தன் மகனுக்குக் காட்டிக்கொடுக்கும் வயதில் முகாமில் இருந்தார்.

மரம் குறைந்தது, மரமேறுபவர் குறைந்தார். விளைவு எளிய கணக்கு. முன்பு வளவிலிருந்து அடுப்படிக்கு வந்த கருப்பநீர் இப்போது சைக்கிளில் ஊர் கடந்து வருகிறது. பல கைகளில் வெவ்வேறு அளவில் சுண்ணாம்பு பூசிய முட்டிகளின் நீர் ஒரே கானில் கலக்கிறது. தூரம் நேரமாகிறது, நேரம் நிறமாகிறது.

இதில் இன்னொரு உண்மையையும் மறைக்கக்கூடாது. மரமேறும் தொழிலை நம்பியவர்களைச் சாதியின் பெயரால் இந்தச் சமூகம் ஒதுக்கி வைத்தது. அவர்கள் இறக்கிய கருப்பநீர் இனித்தது, அவர்கள் படலைக்கு வெளியே நின்றார்கள். இன்று அவர்களின் பிள்ளைகள் மரமேற மாட்டோம் என்றால் அது அவர்களின் உரிமை. தொழிலின் அறிவு அழிகிறதே என்று வருந்துபவர்கள், அந்த அறிவுக்கு எப்போதாவது மதிப்புக் கொடுத்தோமா என்றும் கேட்க வேண்டும். விழுந்தால் முதுகெலும்பு போகும் தொழிலுக்கு ஏற்ற கூலியும், காப்புறுதியும், மரியாதையும் இல்லாமல் நல்ல பாணி வராது.

மேப்பிள் மரம் சொல்லும் பாடம்

எங்கள் உறவினர்கள் பலர் வாழும் கனடாவில், மேப்பிள் மரத்தின் சாற்றிலும் இதே கதைதான். அதில் சீனி நூற்றுக்கு 2 பங்கு அளவுதான். ஒரு லீற்றர் பாணிக்கு 40 லீற்றர் சாறு வேண்டும். பனியுருகும் காலத்தின் தொடக்கத்தில் குளிருக்குள் எடுக்கும் சாற்றில் வெளிறிய பாணி வரும். நாள் வெப்பமாக, நுண்ணுயிர்கள் பெருகி, சீனி உடைந்து, பருவக் கடைசியில் கறுத்த பாணி வரும். வீட்டு முற்றத்தில் ஒரே பானையில் நாள் முழுவதும் ஊற்றி ஊற்றிக் காய்ச்சுபவர்களின் பாணி அங்கும் மிகக் கறுப்பாகவே வருகிறது. ரொறன்ரோவில் இருக்கும் ஒருவர் தன் வீட்டு மேப்பிள் பாணி ஏன் கறுத்தது என்று கேட்டால், மருதனார்மடத்தில் நான் சொன்ன பதிலில் சுண்ணாம்பை மட்டும் நீக்கிவிட்டுச் சொல்லலாம்.

நான் சொல்ல வந்த பாடம் வேறு. முன்பு கனடாவில் வெளிறிய மேப்பிள் பாணி முதலாம் தரம், கறுத்தது மூன்றாம் தரம் என்று இலக்கமிட்டிருந்தார்கள். 2014ஆம் ஆண்டின் இறுதியில் அந்த விதியை மாற்றினார்கள். இப்போது பழுதில்லாத பாணி எந்த நிறமானாலும் ஏ தரம்தான். அதற்குள் பொன்னிறம், அம்பர், கறுப்பு, மிகக் கறுப்பு என நாலு வகை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் சுவை எப்படி இருக்கும் என்று எழுதியிருக்கும். பொன்னிறத்துக்கு மென்சுவை, மிகக் கறுப்புக்கு வன்சுவை. மென்மை வேண்டியவர் ஒன்றை எடுக்கிறார், சமையலுக்கு வேண்டியவர் மற்றதை எடுக்கிறார். பழுதான பாணி மட்டும் தனியே ஒதுக்கப்படுகிறது.

பனம்பாணிக்கும் இதைச் செய்யலாம். பாணிப் பனாட்டுக்கும் பலகாரத்துக்கும் கறுத்த பாணியின் கனத்த சுவை பொருந்தும். பாண், தோசையோடு தொட்டுச் சாப்பிட வெளிறியது நன்று. 1978இல் தொடங்கிய பனை அபிவிருத்திச் சபையும், கைதடியில் பனை ஆராய்ச்சிக்கென்று ஒரு நிறுவகமும் எங்களிடம் இருக்கின்றன. பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்களும் இருக்கின்றன. நாலு நிறக் கண்ணாடித் துண்டுகளை ஓர் அட்டையில் ஒட்டி, ஒவ்வொரு கொள்வனவு நிலையத்திலும் வைத்து, நிறத்துக்கு ஒரு பெயரும் சுவைக்கு ஒரு சொல்லும் கொடுக்கப் பெரிய முதலீடு தேவையில்லை. அப்போது வியாபாரி ஒருவர் "கறுப்பு" என்ற ஒரே சொல்லால் ஒரு பெண்ணின் பருவ உழைப்பைத் தள்ளிவிட முடியாது.

வரும் பருவத்துக்கு

வீட்டில் காய்ச்சுபவர்களுக்கு மூன்று நாள் சோதனையில் நாங்கள் உறுதிப்படுத்திக்கொண்டவற்றைச் சுருக்கித் தருகிறேன்.

கருப்பநீர் இறக்கிய நேரத்தைக் கேட்டுக் கானில் எழுதுங்கள். காலையில் இறக்கியதை வெயில் ஏறுமுன் அடுப்பேற்றுங்கள். முடியாவிட்டால் ஒரு கொதி கொதிக்கவிட்டு மூடி வையுங்கள், நுண்ணுயிர்கள் இறக்கும். புளித்த முட்டியின் நீரை நல்ல நீரோடு கலக்காதீர்கள். ஒரு முட்டி மிச்சம் பிடிக்கப் போய் ஒரு பானை முழுவதும் கறுக்கும்.

முட்டியையும் கானையும் கொதிநீரில் கழுவி வெயிலில் காயவையுங்கள். நேற்றைய மதுவம் இன்றைய நீரில் வேலை செய்யக் காத்திருக்கும்.

தெளியவைத்து, இறுத்து, வடித்து, மஞ்சள் தாளில் பார்த்துக் காய்ச்சுங்கள். அகலமான பாத்திரத்தில் சிறிது சிறிதாகக் காய்ச்சுங்கள். தொடக்கத்தில் நன்றாக எரியுங்கள், முடிவில் தணியுங்கள்.

பாணி பதம் வந்ததா என்பதை நிறத்தால் பார்க்காதீர்கள். நிறையால் பாருங்கள். ஆறிய நல்ல பாணி ஒரு லீற்றர் ஏறத்தாழ 1.3 கிலோ இருக்கும். 750 மில்லிலீற்றர் போத்தலில் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. இதை விட இலேசாக இருந்தால் நீர் மிச்சம், சில வாரங்களில் புளிக்கும் அல்லது பூஞ்சணம் பிடிக்கும். பயந்து மேலும் மேலும் வற்றவைத்துக் கறுப்பாக்குவதை இந்த ஒரு தராசு தடுக்கும்.

கடைசியாக, ஒவ்வொரு நாளும் காய்ச்சியதில் ஒரு சிறு போத்தல் எடுத்து, திகதியும் நேரமும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பத்து நாள் போத்தல்களை வெளிச்சத்துக்கு எதிரே வரிசையாக வைத்தால், எந்த நாள் எங்கே தாமதம் நடந்தது என்பதை அவையே சொல்லும். எந்தப் பக்கத்து நீர் நல்லது, எந்த மரமேறுபவரின் சுண்ணாம்புக் கை பதமானது என்பதும் தெரியவரும். அப்படித் தெரிந்தால் அவருக்கு முட்டிக்கு இருபது ரூபா கூடக் கொடுத்தாலும் நட்டமில்லை.

திருப்பி அனுப்பப்பட்ட அந்தப் போத்தல்கள் வீணாகவில்லை. பாணிப் பனாட்டுப் போடும் ஒரு வீட்டார் அவ்வளவையும் வாங்கிக்கொண்டார்கள். வெளிறிய பாணியில் போட்டதை விடச் சுவை நன்றாக இருந்ததாம். அடுத்த பருவத்துக்கும் "அந்தக் கறுத்த பாணிதான் வேணும்" என்று முற்பணம் கொடுத்திருக்கிறார்கள். சகோதரி இப்போது இரண்டு விதமாகவும் காய்ச்சுகிறார். காலை நீரில் ஒன்று, மதிய நீரில் மற்றது. இரண்டுக்கும் ஒரே விலை சொல்கிறார்.